ஹெங்கிஸ்ட் 18, ஹோர்சா 3,600: கிளைடர்களுக்குப் பெயர் வைத்த கதை

காகிதக்கப்பல்:
நண்பர்களே, மூன்று வாரமாக என் மேசையில் ஹோர்சா என்ற இரண்டாம் உலகப்போர்க் கிளைடரின், அதாவது இன்னொரு விமானம் இழுத்துப் போய் விட எஞ்சின் இல்லாமல் இறங்கும் விமானத்தின், மாதிரி ஒன்று பாதி ஒட்டிய நிலையில் கிடக்கிறது. நேற்று இறக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது என் மகள் பெட்டியின் மேல் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஹோர்சா யாருப்பா?" என்று கேட்டாள். அவளுக்குப் பெயர் என்றாலே ஆள்தான். எனக்குப் பதில் தெரியவில்லை.

தேடிப் பார்த்தேன், தலை சுற்றியது. ஹோர்சாவும் அவன் சகோதரன் ஹெங்கிஸ்டும் ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரையிலிருந்து கப்பலேறி வந்து பிரிட்டனில் கால் ஊன்றியவர்களாம். இந்த விமானம் முதலில் பறந்தது 1941 செப்டம்பரில். லண்டன் மேல் குண்டுமழை பொழிந்து ஓய்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில், ஜெர்மானியக் கரையிலிருந்து வந்து நாட்டைப் பறித்தவனின் பெயரைத் தன் சொந்த ராணுவ விமானத்துக்கு வைக்க எந்த அதிகாரிக்கு மனம் வந்திருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்பேடு:
தம்பி, இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் விமான அமைச்சகம் வகைக்கு ஒரு பெயர் விதி வைத்திருந்தது. கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஊர்ப்பெயர்: லங்காஸ்டர், ஹாலிபாக்ஸ், ஸ்டிர்லிங். பயிற்சி விமானங்களுக்குக் கல்விக்கூட வாசனை அடிக்கும் பெயர்: ஆக்ஸ்போர்டு, ஹார்வர்டு. கிளைடர்களுக்குப் பழைய காலத்துப் படைத்தலைவர்கள், அதிலும் ஹெச் எழுத்தில் தொடங்குபவர்கள். ஹாட்ஸ்பர், ஹெங்கிஸ்ட், ஹோர்சா, ஹாமில்கார் என்று வரிசையாக வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வாக்கோ கிளைடருக்கும் ஹாட்ரியன் என்று ஹெச்சில் ஞானஸ்நானம் செய்துதான் சேர்த்துக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்பைப் பாருங்கள். டிஎஃப்எஸ் 230, கோத்தா 242 என்று எண்தான். மெஸ்ஸர்ஷ்மிட் 321க்கு மட்டும் 'கிகான்ட்', அதாவது பூதம் என்று பெயர். அது பெயர்கூட இல்லை, வர்ணனை.

கூழாங்கல்:
விதி இருந்தது என்பது பாதிப் பதில்தான் ஐயா. ஹெச்சில் ஆளுக்கா பஞ்சம்? பிரான்ஸிலிருந்து படையெடுத்து வந்த நார்மன்களைச் சதுப்பு நிலத்தில் ஓடவிட்ட ஹெரிவார்டு இருக்கிறான். எட்டு ஹென்றிகள் இருக்கிறார்கள். மண்ணைக் காத்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு மண்ணைப் பறித்த இருவரை எடுத்திருக்கிறார்கள். அமைச்சகத்தில் யாரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிளைடர் எதற்கு? எதிரி நாட்டில் அழையாமல் போய் இறங்குவதற்கு. அந்த வேலைக்கு ஹெரிவார்டு எப்படிப் பொருந்துவான்?

பழுப்பேடு:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. ஹெங்கிஸ்டும் ஹோர்சாவும் அழையாமல் வரவில்லை. கதையின் கசப்பே அங்கேதான்.

ரோமானியப் படை பிரிட்டனை விட்டுப் போன பிறகு வடக்கிலிருந்து பிக்டுகள் என்ற இனத்தார் வந்து சூறையாடுகிறார்கள். வோர்டிகெர்ன் என்ற பிரிட்டானிய மன்னன் கூலிப்படைக்கு ஆள் அனுப்புகிறான். மூன்று கப்பல்களில் சகோதரர்கள் வருகிறார்கள். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையான கென்டில் உள்ள தானெட் தீவு அவர்களுக்குத் தரப்படுகிறது. வந்தவர்கள் மண் நன்றாக இருக்கிறது, ஆள்கள் சோம்பேறிகள் என்று ஊருக்குச் சொல்லியனுப்ப, கப்பல் மேல் கப்பலாக ஆள் வருகிறது. பிறகு சம்பளத் தகராறு, பிறகு போர். 455இல் எய்ல்ஸ்ஃபோர்டு என்று கருதப்படும் இடத்தில் நடந்த சண்டையில் ஹோர்சா செத்துப்போகிறான். ஹெங்கிஸ்ட் கென்டின் அரசனாகிறான். சமாதானம் பேசலாம் என்று பிரிட்டானியப் பிரபுக்களை விருந்துக்கு அழைத்து, காலணிக்குள் மறைத்து வைத்த கத்திகளால் அவன் ஆட்கள் குத்திக் கொன்றார்கள் என்ற கதை ஒன்பதாம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் வருகிறது.

இவர்களை முதலில் பெயர் சொல்லி எழுதியவர் பீட் என்ற துறவி, 731இல். அவரே "தலைவர்களாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது" என்றுதான் எழுதுகிறார். சம்பவத்துக்கும் ஏட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு. அந்த 'சொல்லப்படுகிறது' எனக்கு மிகவும் பிடித்த சொல். வாய்க்கு வந்ததை எழுதாத மனிதர்.

நீலகண்டப்பறவை:
இன்னொரு சங்கதி. ஹெங்கிஸ்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் ஆண்குதிரை. ஹோர்சா என்றால் குதிரை. அண்ணன் குதிரை, தம்பியும் குதிரை. பெற்ற தாய் இப்படியா பெயர் வைப்பாள்? அதனால்தான் இவர்கள் மனிதர்களே அல்லர், தேய்ந்துபோன குதிரைத் தெய்வ இரட்டையர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கிரேக்கத்தில் காஸ்டர், பாலக்ஸ். நம் பக்கம் அசுவினி தேவர்கள். நகுலன், சகாதேவனின் தகப்பன்மார்தான், வேறு யார்.

ஜெர்மனியின் கீழ் சாக்சனிப் பகுதியில் பழைய வீடுகளின் கூரை முகட்டில் இரண்டு குதிரைத் தலைகளை மரத்தில் செதுக்கிக் குறுக்காக வைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அங்கே சில இடங்களில் அந்தத் தலைகளையே ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்று அழைத்து வந்திருக்கிறார்கள்.

மருதாணி:
நான் இருப்பது அதே கென்டில்தான். எங்கள் மாவட்டச் சின்னம் பின்னங்காலில் நிற்கும் வெள்ளைக் குதிரை. குப்பை வண்டியில்கூட அதுதான் இருக்கிறது. நீலகண்டப்பறவை சொல்லும் கீழ் சாக்சனியின் சின்னமும் வெள்ளைக் குதிரைதான். குடும்ப ஜாடை.

பெக்வெல் விரிகுடாவில் சாலையோரம் 'ஹூகின்' என்று ஒரு கப்பல் நிற்கிறது. சகோதரர்கள் வந்திறங்கி 1,500 ஆண்டு ஆனதைக் கொண்டாட 1949இல் டென்மார்க்கிலிருந்து 53 பேர் அதைத் துடுப்புப் போட்டும் பாய் விரித்தும் ஓட்டி வந்தார்கள். போர் முடிந்து நான்கே வருடம். கரையெல்லாம் கூட்டம் கூடி வரவேற்றதாம். ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்து வந்தால் படையெடுப்பும் உறவுக்காரர் வருகை ஆகிவிடுகிறது. கூழாங்கல், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆங்கிலேயர் ஹெங்கிஸ்டைப் பகைவனாக நினைக்கவே இல்லை, பாட்டனாக நினைத்தார்கள். 1776இல் அமெரிக்க முத்திரைக்கு என்ன படம் போடலாம் என்ற பேச்சு வந்தபோது ஜெஃபர்சனே இந்த இருவரைத்தான் ஒரு பக்கத்துக்கு யோசனை சொன்னார், எங்கள் முன்னோர் என்று. பறிகொடுத்தவர்கள் வெல்ஷ்காரர்கள். அவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

தச்சன்மகள்:
புராணம் இருக்கட்டும், எனக்கு மரம் வேண்டும். படங்களைப் பார்த்தால் முழுக்க மரம் போலிருக்கிறதே, உண்மையா? யார் இழைத்தார்கள்?

காகிதக்கப்பல்:
உண்மைதான் அக்கா. ஹோர்சா ஏறக்குறைய முழுக்க மரம், ஒட்டுப்பலகை. இறக்கை நுனிக்கு நுனி 88 அடி, நீளம் 67 அடி. இரண்டு விமானிகள், பின்னால் இருபத்தைந்து பேர் அல்லது ஒரு ஜீப்பும் சிறு பீரங்கியும். அலுமினியமும் விமானத் தொழிற்சாலைகளும் குண்டுவீச்சு விமானங்களுக்கே போதாமல் இருந்ததால், கட்டில், அலமாரி செய்துகொண்டிருந்த பட்டறைகளிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர்களிடம் ஓடுதளம் கிடையாது. ஆகவே துண்டு துண்டாகச் செய்து லாரியில் அனுப்ப, விமானப்படைக் கிடங்குகளில் பூட்டினார்கள். வாலைச் சில போல்ட்டுகளில் மாட்டியிருந்தார்கள். இறங்கியதும் அதைக் கழற்றித் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் ஜீப்பை வெளியே ஓட்டலாம். போல்ட் மக்கர் செய்தால் கோடரி.

போர் முடிந்தபின் மிச்சமிருந்த பலவற்றின் உடற்பகுதியை வாங்கிக் கோழிக்கூடாகவும் தோட்டக் கொட்டகையாகவும் வைத்துக்கொண்டார்கள். முழுமையான அசல் ஒன்றுகூட இன்று இல்லை.

மூன்றாவதுகோல்:
நான் கால்பந்துக்காரன், போரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஹாட்ஸ்பர் என்று கண்ணில் பட்டதும் உள்ளே வந்துவிட்டேன். டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரின் ஹாட்ஸ்பரா இது?

பழுப்பேடு:
அதே ஆள்தான். சர் ஹென்றி பெர்சி. குதிரையை ஓயாமல் குதிமுள்ளால் குத்தி விரட்டுபவன் என்ற பொருளில் 'சூடான குதிமுள்' என்று பட்டப்பெயர். அரசன் நான்காம் ஹென்றியை அரியணையில் ஏற்றிவிட்டு அவனுக்கு எதிராகவே கிளம்பி, 1403 ஜூலை 21 அன்று ஷ்ரூஸ்பரி போரில் செத்தான். செத்தும் ஊர் நம்பவில்லை. புதைத்ததைத் தோண்டியெடுத்து இரண்டு திரிகைக் கற்களுக்கு நடுவே நிறுத்திக் காட்டினார்கள் என்கிறார்கள்.

கிளைடருக்கும் அவசரக்காரனின் தலைவிதிதான். எல்லாருக்கும் முந்தி, 1940இலேயே பறந்துவிட்டது. விமானியையும் சேர்த்து எட்டே பேர்தான் ஏற முடியும் என்பதால் போருக்கு உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் கட்டியும் கடைசிவரை பயிற்சிப் பள்ளியிலேயே காலம் தள்ளியது.

உங்கள் ஊர்க் கதையும் ஒன்று சொல்கிறேன். ஹோர்சாவின் பாகங்களைச் செய்து தள்ளிய மேசை நாற்காலிக் கம்பெனிகளில் பெரியது ஹாரிஸ் லீபஸ். அதன் தொழிற்சாலை இருந்த இடம் டாட்டன்ஹாம்.

மூன்றாவதுகோல்:
இதை இன்றே குழுவில் போடுகிறேன். இந்த வருடம் பெருமைப்பட எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

கூழாங்கல்:
காகிதக்கப்பல் அண்ணா ஹோர்சாவைப் பற்றியே எழுதுகிறார். ஹெங்கிஸ்ட் கிளைடர் என்ன ஆயிற்று?

காகிதக்கப்பல்:
இந்த இழையைத் தொடங்கியதிலிருந்து அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

ஹோர்சாத் திட்டம் சொதப்பிவிட்டால் கைவசம் ஒன்று இருக்கட்டும் என்றுதான் ஹெங்கிஸ்டைச் செய்யச் சொன்னார்கள். யார்க்ஷயரில் ஸ்லிங்ஸ்பி நிறுவனம் கட்டியது. பதினைந்து வீரர்கள் ஏறலாம். ஹோர்சா நன்றாக வந்துவிட்டது, ஹெங்கிஸ்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மொத்தம் கட்டியது 18. போர்முனையை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. ஹோர்சா 3,600க்கு மேல்.

கதையில் என்ன நடந்தது? ஹோர்சா சண்டையில் பாதியில் செத்தான், அவன் பேரில் ஒரு கல்தான் மிச்சம் என்கிறார் பீட். ஹெங்கிஸ்ட் கிரீடம் சூடினான், வம்சம் கண்டான், கென்டின் அரசர்கள் எல்லாரும் அவன் வழி என்று சொல்லிக்கொண்டார்கள். ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்து மரத்தில் பிறந்தபோது கணக்குத் தலைகீழாகிவிட்டது. நாடாண்டவன் கிடங்கில் தூசி படிந்து கிடக்க, செத்தவன் நார்மண்டிக்குப் போனான். பெயர் வைத்த அதிகாரி இதை எங்கே கண்டார்.

மகளிடம் சொன்னேன். "அப்படியானால் இப்போது சரியாகிவிட்டது" என்றாள்.

தச்சன்மகள்:
குழந்தை தீர்ப்பே சொல்லிவிட்டாள். நார்மண்டியில் என்ன நடந்தது, அதையும் எழுதுங்கள் தம்பி.

காகிதக்கப்பல்:
1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டிப் பதினாறு நிமிடம். பெனுவில் என்ற ஊரில் கான் கால்வாய்ப் பாலம். நேச நாட்டுப் படை கடல் வழியாக நார்மண்டிக் கரையில் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்தப் பாலத்தையும், பக்கத்தில் ஓர்ன் ஆற்றுப் பாலத்தையும் உடையாமல் பிடிக்க வேண்டும். மேஜர் ஜான் ஹோவர்டின் ஆட்கள், ஆறு ஹோர்சாக்கள்.

முதல் கிளைடரை ஓட்டியவர் ஜிம் வால்வொர்க். பக்கத்தில் ஜான் ஐன்ஸ்வொர்த் கையில் ஸ்டாப்வாட்ச். இழுத்து வந்த ஹாலிபாக்ஸின் கயிற்றை விட்டதும் எஞ்சின் சத்தம் தூரப் போகிறது. மிச்சம் ஒட்டுப்பலகையில் காற்று உரசும் ஓசை. இந்தத் திசையில் இத்தனை விநாடி, திரும்பு, அந்தத் திசையில் இத்தனை விநாடி என்று கடிகாரத்தையும் திசைகாட்டியையும் வைத்தே இருட்டில் இறங்கி வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் கோத்து, கால் முறியாமல் இருக்கப் பாதங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டார்கள். கிளைடர் தரையில் உரசி, பொறி பறக்க இழுத்துக்கொண்டு போய், முள்வேலியில் மூக்கைக் கொடுத்து நின்றது. பாலத்துக்கு 47 கஜம். இரண்டு விமானிகளும் இருக்கையோடு முன்கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் பாலம் கையில். முதல் ஆளாகப் பாலத்தில் ஓடிய லெப்டினன்ட் டென் பிரதரிட்ஜ் சுடப்பட்டு இறந்தார்.

ஒரு ஹோர்சா மட்டும் வழி தவறி டீவ் ஆற்றங்கரையில் இறங்கிவிட்டது. இறங்கியவர்கள் அங்கே இருந்த பாலத்தையும் பிடித்துவிட்டுத்தான் இது வேறு ஆறு என்று கண்டுகொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம்.

கார்த்திகைக்கிழங்கு:
மன்னிக்கவும், நடுவில் குறுக்கிடுகிறேன். எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள், நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் 47 கஜக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது.

1942 நவம்பர் 19. நார்வேயில், ஜெர்மானியர்களின் அணு ஆய்வுக்குப் பயன்படும் கனநீரைத் தயாரித்த வெமோர்க் ஆலையைத் தகர்க்க இரண்டு ஹோர்சாக்கள் புறப்பட்டன. ஹோர்சாவின் முதல் போர்ப்பயணம் அதுதான். பனியிலும் மேகத்திலும் இரண்டும் விழுந்து நொறுங்கின. உயிர் தப்பியவர்கள் சீருடையில் இருந்தும் ஜெர்மானியர்கள் அவர்களைக் கைதிகளாக மதிக்காமல் கொன்றார்கள். கிளைடர்களில் போன 34 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இழுத்துப் போன ஹாலிபாக்ஸ்களில் ஒன்றும் மலையில் மோதி, அதிலிருந்த 7 பேரும் போனார்கள்.

1943 ஜூலையில் சிசிலி. 144 கிளைடர்கள், பெரும்பாலும் ஹாட்ரியன்கள். எதிர்க்காற்று, கரையிலிருந்து பீரங்கி. அனுபவம் போதாத இழுவை விமானிகள் கடல் மேலேயே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். 65க்கும் மேற்பட்டவை தண்ணீரில் விழுந்தன. சுமார் 250 பேர் ஒரு துப்பாக்கிச் சூடுகூட நடத்தாமல் மூழ்கிப்போனார்கள். சிராகூஸ் பாலத்தருகே குறித்த இடத்தில் இறங்கியது ஒரே ஒரு ஹோர்சா. ஹாட்ரியன் யார்? பேரரசுக்கு எல்லை போதும் என்று 122இல் பிரிட்டனின் குறுக்கே சுவர் எழுப்பியவன். எல்லையோடு நின்றவனின் பெயரை எல்லை தாண்டும் வண்டிக்கு வைத்தார்கள், அது கரையைக்கூடத் தாண்டவில்லை. பெயர்ப்பொருத்தம் பார்க்கிறவர்கள் இதையும் பாருங்கள்.

பழுப்பேடு:
சொன்னது சரி. கிளைடரில் திரும்பிப் போகும் வசதி இல்லை, இன்னொரு முறை வட்டமடிக்கும் வசதியும் இல்லை. அமெரிக்க வீரர்கள் அதைப் பறக்கும் சவப்பெட்டி என்றார்கள். 1943 ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தின் கண்முன்னே ஒரு வாக்கோ இறக்கை கழன்று விழுந்து, நகர மேயர் உட்பட உள்ளே இருந்த 10 பேரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கிய இரும்புப் பாகம் அளவு குறைவாகக் கடையப்பட்டிருந்தது. அதைச் செய்து கொடுத்த துணை ஒப்பந்த நிறுவனம் அதற்கு முன் செய்துவந்தது சவப்பெட்டி. இப்படி ஒன்றைக் கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் அடித்துவிடுவார்.

நீலகண்டப்பறவை:
ஹாமில்காரை யாரும் தொடவில்லையே. ஹானிபாலின் தகப்பன். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போரின் கடைசி ஆண்டுகளில் ரோமானியரைச் சிசிலி மலைகளில் அலைக்கழித்தவன். ஒன்பது வயது மகனைப் பலிபீடத்தில் கைவைக்கச் சொல்லி, ரோமுக்கு ஒருநாளும் நண்பனாக மாட்டேன் என்று சத்தியம் வாங்கியவன். மகன் யானைகளோடு ஆல்ப்ஸைத் தாண்டினான். தகப்பன் பெயர் கொண்ட கிளைடர் தன் யானையை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது: ஏழரை டன் டெட்ரார்க் டாங்கி.

இறக்கை 110 அடி. விமானிகள் முதுகின் மேல் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். தரை தட்டுமுன்பே, ஆகாயத்திலேயே டாங்கியின் எஞ்சினை முடுக்கிவிடுவார்கள். கிளைடர் நின்றதும் டாங்கி முன்னால் நகர, அந்த நகர்விலேயே மூக்குக் கதவின் பூட்டு விடுபட்டுத் திறந்துகொள்ளும். ஜூன் 6 மாலை இப்படி இறங்கிய டாங்கிகள் பலவற்றுக்கு எதிரி ஒன்றும் செய்யவில்லை. வயலில் கிடந்த பாராசூட் துணியும் கயிறும் சக்கரங்களில் சுற்றி நிறுத்திவிட்டன.

இன்னொன்று. ஹெங்கிஸ்ட் ஒரு தோல் அளவு நிலம் கேட்டு, தோலை ஒரே மெல்லிய வாராக அறுத்து, அது வளைத்த இடமெல்லாம் கோட்டை கட்டினான் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதை ஒன்று. இதே தந்திரத்தைச் செய்துதான் டைடோ அரசி கார்த்தேஜ் நகரை நிறுவினாள் என்பது அதைவிடப் பழைய கதை. ஹாமில்கார் கார்த்தேஜ்காரன். ஆக, இரண்டு கிளைடருக்கும் சொந்த ஊர் மாட்டுத்தோலில் கிடைத்தது. மூன்றடி கேட்டு மூவுலகம் அளந்தவனை அறிந்த நமக்கு இதெல்லாம் சின்னக் கணக்கு.

கூழாங்கல்:
பெனுவில் பாலத்துக்கு இப்போது பெகாசஸ் பாலம் என்று பெயர். வான்வழிப் படையின் தோள்பட்டைச் சின்னம் சிறகுள்ள குதிரை பெகாசஸ், அதன் மேல் ஈட்டியோடு கிரேக்கப் புராண வீரன் பெல்லரோஃபோன். ஓவியர் எட்வர்டு சீகோ வரைந்தது. ஆகாயத்திலிருந்து கைமீரா என்ற பூதத்தைக் கொன்ற முதல் வான்வீரன் என்று தேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அவன் முடிவு தெரியுமா? தலைக்கனம் ஏறி ஒலிம்பஸ் மலைக்கே பறக்கப் பார்த்தான். தேவர்களின் தலைவன் சீயூஸ் ஒரு மாட்டு ஈயை ஏவிக் குதிரையைக் கடிக்கவிட்டான். குதிரை மேலே போயிற்று, ஆள் கீழே விழுந்தான். தோளில் அவனைத் தைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் விமானமேறினார்கள். கதையின் பாதியைத்தான் தைத்தார்கள்.

மருதாணி:
பர்மாவை மறந்துவிட்டோம். 1944 மார்ச் 5 இரவு, அசாமின் லாலாகாட்டிலிருந்து வாக்கோக்கள், ஒரு டகோட்டா விமானத்துக்கு இரண்டாகக் கட்டி இழுக்கப்பட்டு, காட்டுக்குள் 'பிராட்வே' என்று பெயரிட்ட வெளியில் இறங்கின. கோவேறு கழுதைகளைக்கூடக் கிளைடரில் ஏற்றிப் போனார்கள். ஜப்பானியர்களின் முதுகுக்குப் பின்னால் இறங்கிய அந்தப் படைக்கு அதன் பிரிட்டிஷ் தளபதி விங்கேட் வைத்த பெயர் சிந்திட். பர்மியப் பகோடா வாசலில் காவல் இருக்கும் 'சிந்தே' சிங்கத்தின் பெயர் ஆங்கில வாயில் அப்படித் திரிந்துவிட்டது. நம் கோயில் யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். அங்கே விமானத்துக்கு வைக்காத புராணப் பெயர் ஆட்களுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

காகிதக்கப்பல்:
கூழாங்கல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓர்ன் ஆற்றுப் பாலத்துக்கும் பின்னாளில் பெயர் மாற்றினார்கள். அது இப்போது ஹோர்சா பாலம். மூன்று கிளைடர்கள் போக வேண்டிய இடத்துக்கு இரண்டுதான் போயின, மூன்றாவது டீவ் ஆற்றில். என் பிரியத்துக்குரிய அந்த ஆட்களும் நடையைக் கட்டித் திரும்பினார்கள்.

மருதாணி அக்கா, அடுத்தமுறை பெக்வெல் பக்கம் போனால் ஹூகினின் முகப்பைக் கிட்ட இருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மகள் இப்போது ஹெங்கிஸ்டும் வேண்டும் என்கிறாள். அந்த மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தச்சன்மகள் அக்கா, ஒன்றரை மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை எங்கே வாங்குவது?

தச்சன்மகள்:
அது வளையாது தம்பி. பால்சா எடுங்கள், அளவுப்படத்தை அனுப்புங்கள், வெட்டித் தருகிறேன்.